‘டோல்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? செந்நாய்க்கு இந்தப் பெயரை வைத்தது யார்?

கோத்தகிரி டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி இயற்கை மன்றத்தின் சுவர் இதழில் இந்த மாதம் செந்நாய் பற்றி எழுதுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “செந்நாய்னா சிவப்பு நாய், புரியுது. இங்கிலீஷ்ல டோல் (dhole)னு சொல்றாங்களே, டோல்னா என்ன டீச்சர்?” அகராதிகளைப் புரட்டினேன். ஆக்ஸ்போர்டு ‘மூலம் தெரியவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மெரியம் வெப்ஸ்டர், கன்னடத்தில் ஓநாயைக் குறிக்கும் ‘தோள’ என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது. இணையக் கட்டுரைகளில் அந்த ‘இருக்கலாம்’ உதிர்ந்துபோய், ‘டோல் ஒரு கன்னடச் சொல்’ என்றே அடித்துச் சொல்கிறார்கள். நம் மாவட்டத்துக் காட்டு விலங்கு இது. இங்கே யாருக்காவது விவரம் தெரியுமா?

கல்லட்டி வளைவு
மூலம் தெரியாது டீச்சர், ஆனால் இப்போது மசினகுடியில் ஜீப் ஓட்டுகிற நாங்கள் எல்லோரும் டோல் என்றுதான் சொல்கிறோம். “டோல் கூட்டம் நிக்குது சார்” என்றால் வண்டிக்குள் இருப்பவர்கள் கேமராவைத் தூக்குவார்கள். செந்நாய் என்றால் பாதிப் பேர் நரி என்று நினைக்கிறார்கள். என் அப்பா காலத்தில் டோல் என்ற பேச்சே கிடையாது, செந்நாய்தான். சுற்றுலாவோடு வந்த சொல் இது.

தொல்தமிழன்
இதில் என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது? தொல் + நாய். பழமையான நாய் என்பதால் ‘தொல்’. வெள்ளைக்காரன் வாயில் ‘டோல்’ ஆகிவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது, நாம்தான் தேடுவதில்லை.

பந்தலூர் பையன்
அண்ணா, தொல்லை கொடுப்பதால் ‘தொல்’ என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன்.

கேத்திக்காரன்
ஒலி ஒத்துப்போகிறது என்பது மட்டும் சான்று ஆகாது, தொல்தமிழன். யாராவது எப்போதாவது இந்த விலங்கைத் ‘தொல்நாய்’ என்று அழைத்ததற்கு ஒரு பாட்டு, ஒரு கல்வெட்டு, ஒரு பாட்டி, ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள்.

எழுத்தாணி
டீச்சர், இந்தச் சொல்லின் பின்னால் நானும் கொஞ்ச காலம் அலைந்திருக்கிறேன். கிடைத்ததைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இது எழுத்தில் வந்ததாகத் தெரிகிற மிகப் பழைய இடம் 1808. தாமஸ் வில்லியம்சன் என்ற படை அதிகாரி, வங்காளப் படையில் இருந்தவர், இந்திய வேட்டை பற்றி எழுதிய நூலில் வருகிறது. அவர் இந்த விலங்கைப் பார்த்தது ராம்கர் வட்டாரத்தில், அதாவது இன்றைய ஜார்க்கண்டில். ‘டோல்’ என்பது அந்தப் பக்கத்து மக்கள் வழக்கமாகச் சொல்லும் பெயர் என்று எழுதிவைத்தார். இந்த ஊர்ப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியும் இல்லை, மைசூரும் இல்லை.

அடுத்து 1827. சார்லஸ் ஹாமில்டன் ஸ்மித் என்ற ஆங்கில இயற்கையியலாளர், கீழை நாடுகளில் ‘பல பகுதிகளில்’ பேசப்படும் மொழியிலிருந்து இந்தச் சொல் வந்தது என்கிறார். எந்த மொழி, எந்தப் பகுதி? சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இன்னும் ஒரு படி மேலே போனார். துருக்கி மொழியில் ‘தெலி’ என்றால் பைத்தியம், வெறி பிடித்தது. அதிலிருந்து வந்திருக்கும் என்றார். அதோடு விட்டாரா? டச்சு மொழியில் ‘டோல்’ என்றால் வெறி, பழைய சாக்சன் மொழியிலும் ‘டோல்’ உண்டு, எல்லாம் ஒரே வேர் என்று முடிச்சுப் போட்டார். அந்த ஐரோப்பியச் சொற்களுக்கும் துருக்கிச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவை ‘மூடன்’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானிய வேரில் பிறந்தவை. ஆங்கில ‘டல்’லும் அதே குடும்பம்தான்.

அதற்கப்புறம் ஏறத்தாழ 80 ஆண்டு கழித்து ரிச்சர்ட் லிடெக்கர் வருகிறார். இந்திய வேட்டை விலங்குகளைப் பற்றி விரிவாக எழுதியவர். அவர் சொன்னது ஒரே விஷயம்: இந்த விலங்கு வாழும் பகுதிகளில் உள்ள மக்கள் யாரும் ‘டோல்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

ஆக, உள்ளூர்ச் சொல் என்று ஒருவர் எழுதினார். உள்ளூரில் அப்படி ஒரு சொல் இல்லை என்று இன்னொருவர் எழுதினார். நடுவில் இருந்தவர் துருக்கிக்குப் போய்விட்டார்.

பந்தலூர் பையன்
தொல்தமிழன் அண்ணா, உங்களுக்கு முன்னோடி 1829-லேயே இருந்திருக்கிறார் 😄

தொல்தமிழன்
சிரியுங்கள், சிரியுங்கள். அவராவது தேடினாரே.

மேல்குந்தா
இந்தியில் ‘டோல்’ என்றால் மேளம் இல்லையா? டோலக் கூட அதுதான். கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வரும் விலங்கு என்பதால் அப்படிப் பெயர் வைத்திருக்கலாமே. ராம்கர் இந்தி பேசும் பகுதிதானே?

கல்லட்டி வளைவு
மேளமா? செந்நாய் குரைத்து நான் கேட்டதில்லை. அது விசில் அடிக்கும். சிகூர்ப் பக்கம் ஒரு புள்ளிமானைத் துரத்திக் கூட்டம் சிதறிப் போயிருந்தது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். புதருக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்துப் பையன் பல்லிடுக்கில் காற்றை விடுகிற மாதிரி, மெலிதாக ஒரு ‘ஸ்வீ’. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கம் இருந்து இன்னொன்று. பிரிந்து போனவை ஒன்றையொன்று தேடிக்கொள்ள அடிக்கிற விசில் அது. பின்சீட்டில் இருந்தவர் ஏதோ பறவை என்றே நினைத்தார். முதலில் வெளியே வந்ததன் வால் முனை கறுப்பாகப் புசுபுசுவென்று இருந்தது, முகவாயில் ஈரம். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோட்டு ஓரத்திலேயே எச்சம் போட்டது. அடுத்து வந்ததும் அதே இடத்தில்தான். பாதைகள் சந்திக்கிற இடமாகப் பார்த்துத்தான் போடும், எல்லாம் ஒரே இடத்தில். எங்களுக்கு அதுதான் கூட்டம் போன அடையாளம்.

மேளம் என்று பெயர் வைத்தவன் இதைப் பார்க்காதவனாகத்தான் இருப்பான்.

கேத்திக்காரன்
வட இந்தியாவில் இதற்கு ‘சோன்குத்தா’, ‘ஜங்லி குத்தா’ என்றுதான் பெயர். முதலாவது பொன்னிற நாய், இரண்டாவது காட்டு நாய். மேளம் எங்கும் இல்லை.

குண்டல்பேட்டை மருமகள்
நான் கூடலூர்ப் பெண், வாக்கப்பட்டது குண்டல்பேட்டையில். வீட்டில் மாமியாரோடு கன்னடம், அம்மாவோடு போனில் தமிழ். அதனால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கன்னடத்தில் ‘தோள’ என்றால் ஓநாய்தான். ஆடு மேய்ப்பவர்கள் பயப்படுகிற, வறண்ட சமவெளியில் திரிகிற ஓநாய். பந்திப்பூர்க் காட்டில் இருக்கும் செந்நாயை எங்கள் பக்கம் ‘சீளுநாயி’ என்பார்கள். ‘காடுநாயி’ என்றும் சொல்வதுண்டு. இரண்டும் வேறு வேறு விலங்கு என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் மாமனாரிடம் கேட்டேன். “தோள காட்டுக்குள்ள ஏம்மா வருது?” என்று சிரித்துவிட்டார்.

பந்தலூர் பையன்
அக்கா, ஆனால் பெயர் இடம் மாறுவது நடக்கிற விஷயம்தான். பந்தலூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மலையாளம். அவர்களுக்குச் ‘சென்னாய’ என்றால் ஓநாய். நம் செந்நாய் என்ற அதே சொல்தான், அதே ‘செம்மை’தான். ஆனால் கதையில் வருகிற ஓநாய், ஆட்டுக்குட்டியை ஏமாற்றுகிற ஓநாய், எல்லாம் சென்னாய. செந்நாயைக் குறிக்க ‘காட்டுநாய’ என்பார்கள். எல்லை தாண்டினால் பெயர் பக்கத்து விலங்குக்குப் போய்விடுகிறது. அதேபோலக் கன்னட ‘தோள’வும் எங்கேயாவது செந்நாய்க்குப் போயிருக்கலாமே?

கேத்திக்காரன்
நல்ல பாயிண்ட். இதை நான் யோசித்ததே இல்லை.

எழுத்தாணி
பொருள் மாறலாம், ஒத்துக்கொள்கிறேன். பந்தலூர்த் தம்பி கொண்டுவந்தது கன்னட வாதத்துக்கு இதுவரை கிடைத்த நல்ல துணை. எனக்கு இடிப்பது முதல் எழுத்து.

நம் பக்கத்துச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் போனபோது முதல் தகரம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். தோப்பு ‘டோப்’ (tope) ஆயிற்று. அந்தக் காலத்து நில ஆவணங்களில் மாந்தோப்பு, பனந்தோப்பு எல்லாம் ‘டோப்’தான், ஆங்கில எழுத்து ‘டி’ (T). தஞ்சாவூர் ‘டான்ஜோர்’, திருநெல்வேலி ‘டின்னவெலி’, தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’. வெளியே போவானேன், நம் மலையிலேயே தோடர் ‘டோடா’ ஆனார்கள். எல்லாம் வல்லொலி, ‘டி’ (T) என்ற எழுத்து. எந்த ஆங்கிலேயரும் தோடரை ‘டி-ஹெச்’ (DH) போட்டு எழுதவில்லை.

அப்படியிருக்க, ‘தோள’ மட்டும் ஏன் ‘டி-ஹெச்-ஓ-எல்-இ’ (dhole) ஆகவேண்டும்? அதே வழியில் போயிருந்தால் ‘டோப்’ போல வல்லொலியோடு தொடங்கியிருக்கும். செவிக்கு இரண்டும் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் ஊர்ப் பெயர் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை.

மாயாறு
தோடரை இழுத்தது அருமை சார் 👏

குண்டல்பேட்டை மருமகள்
எழுத்தாணி ஐயா, உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சொல்லட்டுமா?

கன்னடத்தில் இரண்டு சொல் சேரும்போது பின்சொல்லின் முதல் வல்லினம் மெலியும். பள்ளிக்கூடத்தில் என் பையனுக்கு இந்த சந்தியைத்தான் போன வாரம் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், அதனால் எனக்கும் பாடம். மளெ என்றால் மழை, கால என்றால் காலம். சேர்ந்தால் ‘மளெகால’. அதில் வரும் ககரம் ‘கால்’ என்பதில் உள்ளது போல ஒலிக்காது, ‘காந்தி’யில் உள்ளது போல ஒலிக்கும். பெட்ட என்றால் மலை, தாவரெ என்றால் தாமரை. ‘பெட்டதாவரெ’ என்று சேர்த்துச் சொல்லும்போது அந்தத் தகரம் ‘தர்மம்’ என்பதன் தகரம் ஆகிவிடும். கன்னட எழுத்தில் அதற்குத் தனி எழுத்தே உண்டு.

ஆகவே யாராவது ‘காடு’ என்பதையோ வேறு ஒரு சொல்லையோ முன்னால் போட்டுத் ‘தோள’வைச் சொல்லியிருந்தால், வெள்ளைக்காரர் காதில் மெலிந்த ஒலியே விழுந்திருக்கும். அதை அவர் ‘டி-ஹெச்’ போட்டு எழுதியிருக்கலாம். அப்படி ஒரு கூட்டுச்சொல் புழக்கத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கேட்டதும் இல்லை. உங்கள் முதல் எழுத்து வாதம் மட்டும் கதவை முழுசாகச் சாத்தவில்லை என்கிறேன்.

எழுத்தாணி
அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. தோப்பும் தோடரும் தனிச்சொல்லாகப் போனவை, கூட்டுச்சொல்லாகப் போனால் கதை வேறு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதவு திறந்தாலும் அடுத்த கதவில் பூட்டு தொங்குகிறது. வில்லியம்சன் கேட்டது ராம்கரில். கன்னடம் பேசும் ஊருக்கும் ராம்கருக்கும் இடையில் நாட்டின் பாதி கிடக்கிறது. மைசூர்க் காட்டில் பிறந்த சொல், வங்காளப் படைக்காரர் காதில், அதுவும் அந்த ஊரின் வழக்குச் சொல்லாக எப்படி விழுந்தது? மெரியம் வெப்ஸ்டர் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஒலி பக்கத்தில் இருக்கிறது, பொருள் பக்கத்தில் இருக்கிறது, ஊர்தான் பக்கத்தில் இல்லை.

மாயாறு
ராம்கர் இருப்பது சோட்டா நாக்பூரில். அங்கே ஓராவ் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் குருக் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. கன்னட ‘தோள’வின் உறவுச் சொல் ஒன்று அந்த மொழியில் இருந்து, அதை வில்லியம்சன் கேட்டிருந்தால்? தெலுங்கில்கூட ஓநாய்க்குத் ‘தோடேலு’ என்று சொல்கிறார்களே, அதுவும் உறவுச் சொல்தானே? அப்படியானால் ஊர் பிரச்சினை தீர்ந்துவிடும். கன்னடத்திலிருந்து போகவே வேண்டாம், வேர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

தொல்தமிழன்
அப்படிச் சொல்லுங்கள்! கடைசியில் திராவிட வேர்தான்.

எழுத்தாணி
அழகான யோசனை, மாயாறு. ஆனால் ‘இருந்திருந்தால்’ என்பதில் முழுப் பாரமும் நிற்கிறது. இப்படிப்பட்ட உறவுச் சொற்களைத் தேட வேண்டிய இடம் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி. 1961-இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984-இல். அந்த எமனோதான் 1930-களில் நம் மலையில் தங்கித் தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் படித்தவர். குருக் மொழியில் நாய்க்கு ‘அல்லா’ என்று சொல்கிறார்கள். அதில் ‘டோல்’ வர வழியில்லை. செந்நாய்க்கோ ஓநாய்க்கோ குருக்கில் ‘தோள’ போல ஒரு சொல் இருப்பதை ஒருவர் காட்டட்டும், அன்றைக்கு நானே உங்கள் கட்சி. அதுவரை இது ஊகத்துக்கு மேல் ஊகம்.

கேத்திக்காரன்
எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் மற்ற வெள்ளைக்காரர்கள் இந்த விலங்குக்கு என்ன உள்ளூர்ப் பெயர் எழுதிவைத்தார்கள்? அவர்களில் யாராவது ‘டோல்’ என்று எழுதியிருந்தால் வில்லியம்சனுக்குத் துணை. எழுதவில்லை என்றால்?

எழுத்தாணி
எழுதவில்லை. இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம்.

1831-இல் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி தக்காணத்தில் இந்த விலங்கை விவரித்து, தக்காணத்தின் பெயரையே அதற்கு அறிவியல் பெயராக வைத்தார். மராட்டியர் இதைக் ‘கோல்சுன்’ என்கிறார்கள் என்று குறித்தார். அந்தச் சொல் இன்றும் மராத்தியில் உண்டு, போய்க் கேட்டால் சொல்வார்கள். 1833-இல் நேபாளத்தில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஹாட்ஜ்சன், அங்கே இதற்குப் ‘புவான்சு’ என்று பெயர் என்று எழுதினார். அந்தச் சொல்லும் நேபாளியில் இன்றைக்கு உண்டு. இரண்டு பேரும் காதால் கேட்டதைக் கவனமாக எழுதியவர்கள், இரண்டு சொல்லும் சோதனையில் தேறிவிட்டது. தேறாதது ‘டோல்’ மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஹாட்ஜ்சன் வைத்த அறிவியல் பெயர் ‘கேனிஸ் பிரைமீவஸ்’. ஆதி நாய் என்று பொருள். வீட்டு நாய்க்கெல்லாம் மூதாதை இதுவே என்று அவர் நினைத்தார்.

தொல்தமிழன்
ஆதி நாய்!! தொல் நாய்!! நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா?

பந்தலூர் பையன்
அண்ணா, கும்பிடுகிறேன் 🙏

எழுத்தாணி
கருத்தில் ஹாட்ஜ்சன் உங்கள் பக்கம், சொல்லில் இல்லை. அந்தக் கருத்தும் நிற்கவில்லை. வீட்டு நாய் ஓநாய் வம்சம். செந்நாய் தனிக் கிளை. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு இரண்டே கடைவாய்ப் பற்கள்தான், வீட்டு நாய்க்கும் ஓநாய்க்கும் நரிக்கும் மூன்று. மொத்தத்தில் செந்நாய்க்கு 40 பல், அவற்றுக்கு 42. 1838-இல் ஹாட்ஜ்சனே இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து ‘குவான்’ என்று பெயரிட்டார், கிரேக்கத்தில் நாய் என்று பொருள். பின்னால் ஒட்டியிருக்கும் ‘அல்பைனஸ்’ 1811-இல் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் வைத்தது. அவருக்கு மாதிரி கிடைத்தது ரஷ்யாவின் கிழக்குக் கோடியில். மசினகுடி வெயிலில் ஓடுகிற விலங்குக்கு ‘பனிமலைக்குரியது’ என்று பெயர்!

மேல்குந்தா
தமிழில் செந்நாய் என்பது எவ்வளவு பழைய சொல்? அதுவாவது உறுதியாகத் தெரியுமா?

கேத்திக்காரன்
சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. ஐங்குறுநூற்றில் பாலைப் பகுதி, 323-ஆம் பாட்டு. சூல்கொண்ட பெண் செந்நாய்க்கு மசக்கை ஆசை, அதற்காக ஆண் செந்நாய் கள்ளி வளர்ந்த காட்டு வழியில் காட்டுப்பன்றி வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கும். பார்த்த ஆள் எழுதினது மாதிரி இருக்கும். கூட்டத்துக்குள்ளே ஒன்றுக்கொன்று இரை கொண்டுவந்து கொடுக்கிற பழக்கம் செந்நாய்க்கு நிஜமாகவே உண்டு, வேட்டையாடிவிட்டு வந்து குட்டிகளுக்கும் குட்டி காக்கிற தாய்க்கும் கக்கிக் கொடுக்கும்.

நம் பெயரை ஆங்கிலக்காரர் எடுத்துக்கொண்டிருந்தால் இந்தத் தேடலே வேண்டியிருக்காது என்று நினைக்கும்போது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது. ‘சோலை’யை ‘ஷோலா’ என்று எடுத்துக்கொண்டார்களே.

மாயாறு
அப்படியானால் ‘டோல்’ எப்படி நிலைத்தது? இவ்வளவு சந்தேகம் உள்ள சொல், இன்று உலக அளவில் ஆவணங்களில் எல்லாம் இதுதானே பொதுப்பெயர்?

எழுத்தாணி
காகிதத்தின் வேலை. வில்லியம்சனிடமிருந்து ஸ்மித் எடுத்தார், விலங்கியல் நூலில் ஏறியது. அப்புறம் 1895-இல் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங். இரண்டாவது ஜங்கிள் புக்கில் செந்நாய்க் கூட்டம் வருகிற கதையில் அவற்றை ‘டோல்’ என்றே எழுதினார். இங்கிலாந்தில் செந்நாயைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் மனப்பாடம் ஆனது. லிடெக்கர் மறுத்து எழுதியபோது ரயில் எப்போதோ கிளம்பிவிட்டது.

அந்த ‘ஹெச்’சையும் கவனியுங்கள். உச்சரிப்பில் அதற்கு வேலையே இல்லை. ‘டோல்’ என்றுதான் ஆங்கிலேயர் சொல்கிறார்கள். அரபிக் கடலில் ஓடும் பாய்மரக் கப்பலை ஆங்கிலத்தில் ‘டௌ’ என்பார்கள், அதிலும் இதே மாதிரி ஒரு ‘ஹெச்’ ஒட்டியிருக்கும், அதன் மூலமும் இழுபறிதான். தோபி, தோத்தி என்று இந்திச் சொற்களை எழுதிப் பழகிய கை, கீழை நாட்டுச் சொல் என்று தோன்றினாலே ஒரு ‘ஹெச்’ போட்டுவிடும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் ‘டி-ஹெச்’சை வைத்துக்கொண்டு மூல ஒலியை ஊகிப்பதே ஆபத்து. அது குண்டல்பேட்டை அம்மாவின் சந்திக்கும் பொருந்தும், என் தோப்புக்கும் பொருந்தும்.

கல்லட்டி வளைவு
பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெயரால் உயிர் போன கதையும் உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வெள்ளைக்காரர்கள் இதை டோல் என்றும் சொல்லவில்லை, செந்நாய் என்றும் சொல்லவில்லை, ‘வைல்ட் டாக்’ என்றார்கள். காட்டு நாய் என்றால் சொறிநாய்க்கு அண்ணன்தானே? மானைத் தின்கிறது, வேட்டைக்கு மிச்சம் வைப்பதில்லை என்று கொன்றார்கள். தலைக்கு வெகுமதி. தாத்தா சொல்வார், தோலைக் கொண்டுபோய்க் காட்டினால் காசு.

கேத்திக்காரன்
உண்மை. நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்க 1877-இல் சங்கம் வைத்தார்கள், 1879-இல் தனிச் சட்டமே வந்தது. காப்பதெல்லாம் சுடுவதற்கான மானையும் வரையாட்டையும்தான். மானைத் தின்கிற செந்நாய் எதிரி. இந்தியாவில் செந்நாய்க்கு வெகுமதி கொடுக்கிற வழக்கம் 1972 வனவிலங்குச் சட்டம் வரும்வரை நீடித்தது. சுதந்திரம் வந்த பிறகும் கால் நூற்றாண்டு.

அந்த எண்ணத்தை மாற்றியதில் நம் பக்கத்து ஆட்களுக்குப் பங்கு உண்டு. குன்னூர் வழக்கறிஞர் டேவிதார் சிகூர்ப் பகுதியில் செந்நாயைக் கவனித்து எழுதிய கட்டுரை 1975-இல் வந்தது. அடுத்து நாங்குநேரிக்காரர் ஜான்சிங் பந்திப்பூரில் செந்நாயின் பின்னாலேயே நடந்து ஆராய்ச்சி செய்தார், 1970-களின் பிற்பாதியில். கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டுகிற வசதியெல்லாம் இல்லாமல், கால்நடையாக. 2024-இல் காலமானார். சுவர் இதழில் அவர் பெயர் வரவேண்டும் டீச்சர்.

கோத்தகிரி டீச்சர்
கண்டிப்பாக வரும். பிள்ளைகளுக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் ஒருவர் செந்நாய் பின்னால் போனார் என்றாலே கண் விரியும்.

ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: ‘டோல் என்ற சொல்லின் மூலம் தெரியவில்லை. 1808-இல் ஜார்க்கண்டின் ராம்கர் பக்கம் கேட்டதாக ஓர் ஆங்கிலேயர் எழுதினார். கன்னடத் தோளவிலிருந்து வந்திருக்கலாம் என்று ஓர் அகராதி கருதுகிறது. ஆனால் கன்னட மக்கள் இந்த விலங்கைச் சீளுநாயி என்கிறார்கள்.’ சரியா?

எழுத்தாணி
சரி. ‘கன்னட மக்கள்’ என்று பொதுவாகப் போடாமல் ‘குண்டல்பேட்டைப் பக்கம்’ என்று போடுங்கள். கேட்டது அங்கேதானே. கர்நாடகம் பெரிது, வடக்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் எழுதினால் நாமும் வில்லியம்சன் ஆகிவிடுவோம்.

பந்தலூர் பையன்
சீளு என்றால் என்ன அக்கா?

குண்டல்பேட்டை மருமகள்
கிழிப்பது, பிளப்பது. விறகைப் பிளந்தாலும் சீளுதான், துணியைக் கிழித்தாலும் சீளுதான். புலி மாதிரிக் கழுத்தைக் கவ்விக் கொல்லாது, ஓடுகிற மானை ஓடஓடவே வயிற்றுப் பக்கம் கிழித்துவிடும் என்று மாமனார் சொல்வார். பார்த்தவர்கள் வைத்த பெயர்.

கல்லட்டி வளைவு
அது அப்படியே உண்மை. கூட்டம் சேர்ந்தால் ஒரு மான் கொஞ்ச நேரத்தில் தலையும் தோலும் எலும்புமாக ஆகிவிடும். முன்பெல்லாம் குறும்பர்கள் விசில் சத்தம் கேட்டு ஓடிப்போய், செந்நாயை விரட்டிவிட்டு இறைச்சியில் பங்கு எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். இப்போது அதைத் தொட்டால் கேஸ்.

மாயாறு
அப்படியானால் குறும்பர் மொழியிலும் இருளர் மொழியிலும் இதற்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டீர்களா? விலங்கோடு இறைச்சிக்குப் போட்டி போட்டவர்கள் அவர்கள்தான். ஓநாய் இல்லாத மலைக் காட்டில் ‘தோள’ என்ற சொல் அவர்களிடம் இருக்கிறதா, இருந்தால் எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால்கூடப் பாதிச் சண்டை தீரும்.

கல்லட்டி வளைவு
தெப்பக்காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் குறும்பர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ரோந்து இல்லை. கேட்டு, அவர் சொல்கிறபடியே போனில் பதிவு செய்து போடுகிறேன். நான் காதில் கேட்டதை எழுத மாட்டேன், ‘ஹெச்’ போட்டுவிடுவேன்.